பெற்றோர் அமெரிக்கா போகும்போது: காப்பீட்டுச் செலவில் எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது

மகளுக்குப் பேறுகாலம் பார்க்கவோ, பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளவோ ஆறு மாதம் அமெரிக்கா போய்வரும் பெற்றோர் இன்று தமிழ்நாட்டில் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். விசா நேர்காணல், விமான நிலையத்தில் சக்கர நாற்காலி, ஆறு மாதத்துக்கான மாத்திரை, ஊறுகாய், பொடி வகை என்று ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் யோசிக்கும் குடும்பம், காப்பீட்டுக்கு ஒதுக்குவது கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை நேரம்தான். பிள்ளை இணையத்தில் வயதையும் தேதியையும் போட்டதும் ஏராளமான திட்டங்கள் விலை வரிசையில் வந்து நிற்கும். மேலே இருப்பது விலை குறைவு. பெரும்பாலும் அதுவே வாங்கப்படுகிறது.

காப்பீட்டுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரீமியத்தைக் குறைக்க நியாயமான வழிகள் இருக்கின்றன. எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதுதான் கேள்வி. குடும்பம் தாங்கக்கூடிய சின்னச் செலவுகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் பிரீமியம் குறையும். தாங்கவே முடியாத பெரிய செலவுக்கான பாதுகாப்பை வெட்டினாலும் குறையும். இணையத்தின் விலை வரிசை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. வரிசையின் உச்சியில் வந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை.

விலை குறைந்ததையே வாங்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், காப்பீட்டை நாம் முதலில் சந்தித்ததே விசாவுக்கான ஒரு காகிதமாகத்தான். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போக குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்ற விதி 2004-ல் நடைமுறைக்கு வந்தது. அவசர சிகிச்சை, உடல்நலக் காரணத்தால் ஊர் திரும்புதல், இறப்பு ஆகியவை அதில் அடங்க வேண்டும். அந்தத் தொகை இத்தனை ஆண்டுகளாக மாறவே இல்லை. கனடா 2011 டிசம்பரில் பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கென சூப்பர் விசாவைக் கொண்டுவந்தபோது ஓராண்டுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நெடுங்காலம் அதைக் கனடா நிறுவனத்திடமே வாங்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியிலிருந்து, அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியும் ஏற்கப்படுகிறது. பிரிட்டன் வருகையாளரிடம் காப்பீட்டைக் கேட்பதில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் அவர்களுக்கு வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் போடப்படும். 500 பவுண்டோ அதற்கு மேலோ இரண்டு மாதத்துக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசா மறுக்கப்படலாம்.

உலகிலேயே மருத்துவச் செலவு அதிகமான அமெரிக்காவோ சுற்றுலா விசாவில் வருபவரிடம் காப்பீடு கேட்பதே இல்லை. கேட்காததால் சிலர் எடுப்பதில்லை. எடுப்பவர்களிலும் பலர் விசாவுக்கு வாங்கிய அதே மனநிலையில், ஏதோ ஒன்று கையில் இருந்தால் சரி என்று வாங்குகிறார்கள்.

அமெரிக்க அரசின் காப்பீட்டுச் சந்தை இணையதளம் தன் குடிமக்களுக்கே ஒரு கணக்குச் சொல்கிறது: கால் முறிவைச் சரிசெய்ய 7,500 டாலர் வரை ஆகலாம், மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தால் சராசரியாக 30,000 டாலர். மாரடைப்பு, பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு போன்றவை இதைவிட எவ்வளவோ மேலே போகும். அவசரத்தில் வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என 1986-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. அதை வைத்து, ‘எப்படியும் பார்த்துவிடுவார்கள்’ என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. பார்ப்பார்கள், உயிராபத்து நீங்கும் வரை பார்ப்பார்கள். பில் அதன்பிறகு வீட்டுக்கு வரும். மகனோ மகளோ வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பீட்டில் மனைவி, கணவன், குழந்தைகளைச் சேர்ப்பதுபோலப் பெற்றோரைப் பொதுவாகச் சேர்க்க முடியாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அங்கே விற்கப்படும் வருகையாளர் காப்பீட்டில் இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே அட்டவணை போட்ட திட்டம். மற்றொன்று, மொத்த உச்சவரம்புக்குள் நியாயமான பில் தொகையைத் தரும் விரிவான திட்டம். விலை வரிசையில் மேலே நிற்பவை முதல் வகை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அட்டவணைத் திட்டத்தில் மருத்துவமனையில் ஒரு நாளுக்கு 1,500 டாலர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 30,000 டாலர் பில்லில் மூன்று நாளுக்கு 4,500 கிடைக்கும். டாக்டர் வருகை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று சில்லறைத் தொகைகளைச் சேர்த்தாலும் 6,000-ஐ எட்டுவது அரிது. மீதி 24,000 டாலர் குடும்பத்தின் தலையில். பாலிசியின் முகப்பில் ‘1,00,000 டாலர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது உண்மைதான். அட்டவணையின் வழியாக அந்தத் தொகையை யாரும் எட்ட முடியாது என்பதும் உண்மை.

விரிவான திட்டத்தில் அதே பில் எப்படித் தீரும்? முதலில் டிடக்டிபிள், அதாவது நாம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை. 500 டாலர் என்று கொள்வோம். அடுத்த 5,000 டாலரில் பல திட்டங்கள் 80 சதவீதம் தரும். நம் பங்கு 1,000. அதன்பின் உச்சவரம்பு வரை முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆக நம் செலவு 1,500 டாலர். இதிலும் அந்தந்தத் திட்டத்தின் மருத்துவமனை வலையமைப்புக்குள் இருந்தால்தான் கணக்கு இவ்வளவு சுத்தமாக வரும்; வெளியே போனால் நம் பங்கு கூடும்.

டிடக்டிபிள் என்பது பலருக்கும் பிடிக்காத சொல். பிரீமியமும் கட்டி, நோய் வந்தால் முதல் பணமும் நாமே கட்டுவதா என்று கேட்பார்கள். உண்மையில் மலிவான காப்பீட்டுக்கான நேர்மையான கதவு அதுதான். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற சின்ன கிளெய்ம்கள் அடிக்கடி வருபவை. தொகை சிறிதானாலும் ஒவ்வொன்றையும் பரிசீலிக்க நிறுவனத்துக்குச் செலவு இருக்கிறது. அவற்றை நாம் ஏற்றுக்கொண்டால் பிரீமியம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும். பெரிய கிளெய்ம்கள் அபூர்வம். அதனால் உச்சவரம்பை 50,000 டாலரிலிருந்து 1,00,000 ஆக்கினால் பிரீமியம் இரட்டிப்பாவதில்லை. ஆகவே 100 டாலர் டிடக்டிபிளும் 50,000 வரம்பும் கொண்ட பாலிசியைவிட, 1,000 டாலர் டிடக்டிபிளும் 1,00,000 அல்லது அதற்கு மேற்பட்ட வரம்பும் கொண்ட பாலிசியையே நான் பரிந்துரைப்பேன். ஆயிரம் டாலரை அங்கே சம்பாதிக்கும் பிள்ளையால் புரட்டிவிட முடியும். எழுபதாயிரம் டாலர் கடன் அந்தக் குடும்பத்தின் பத்தாண்டுத் திட்டங்களைக் குலைத்துவிடும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: டிடக்டிபிள் மொத்தப் பாலிசிக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா? உச்சவரம்புக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இனி, இந்த விஷயத்தின் மையத்துக்கு வருவோம். நம் பெற்றோரின் வயதில் சுகரும் பி.பி.யும் இல்லாதவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவும் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக அது கணக்கிட்டது. இது இருபது வயதிலிருந்து எல்லோரையும் சேர்த்த கணக்கு. அறுபதைத் தாண்டியவர்களிடம் விகிதம் இதைவிடக் கூடுதல். பயணக் காப்பீடோ, ஏற்கெனவே இருக்கும் நோயைப் பொதுவாக விலக்கிவைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறது.

அமெரிக்க விரிவான திட்டங்கள் பலவற்றில் ஒரு விதிவிலக்கு உண்டு: ஏற்கெனவே இருக்கும் நோய் திடீரென்று தீவிரமாவது. இந்த வரியைக் காட்டித்தான் ‘சுகர், பி.பி. எல்லாம் கவர் ஆகும்’ என்று விற்கிறார்கள். பாலிசி வாசகத்தை எடுத்துப் படித்தால் அது எவ்வளவு குறுகிய வாசல் என்று தெரியும். தாக்குதல் எதிர்பாராததாக இருக்க வேண்டும். முன்னறிகுறி எதுவும் இருந்திருக்கக் கூடாது. வேகமாக முற்றி, உடனடி சிகிச்சை தேவைப்பட வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். பி.பி. இருக்கும் அப்பாவுக்கு ஒரு காலையில் திடீரென மாரடைப்பு வந்தால் இது பொருந்தலாம். சுகர் இருக்கும் அம்மாவின் காலில் ஒரு புண் மூன்று வாரமாக ஆறாமல் இருந்து மோசமானால் பொருந்தாது. டயாலிசிஸ், தொடர் மருந்து, வழக்கமான பரிசோதனை எதற்கும் பொருந்தாது. இரண்டு நாளாக நெஞ்சு ஒரு மாதிரி இருந்தது, பிள்ளைக்கு வேலை நேரமாயிற்றே என்று சொல்லாமல் விட்டேன் என அம்மா டாக்டரிடம் சொன்னால், அந்த வாக்கியம் மருத்துவக் குறிப்பில் ஏறும். கிளெய்ம் பரிசீலனையில் முன்னறிகுறி இருந்ததற்கான சான்றாக அது வாசிக்கப்படும். நம் அம்மாக்கள் வலியைச் சொல்ல எவ்வளவு தயங்குகிறவர்கள் என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் கடுமை புரியும். போன இடத்தில் பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற அவர்களுடைய எண்ணத்தை ஊரிலேயே பேசி மாற்றிவிட வேண்டும்.

வயதும் இங்கே குறுக்கே வருகிறது. எழுபதைத் தொட்டதும் பல திட்டங்களில் கிடைக்கும் உச்சவரம்பும், திடீர்த் தீவிரத்துக்கான தனி வரம்பும் சரிந்துவிடுகின்றன. எண்பதைத் தாண்டினால் சில திட்டங்களில் 10,000 டாலர்தான் மிச்சம். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66 என்றால் இருவருக்கும் ஒரே பாலிசி எடுப்பதைவிடத் தனித்தனியாக, வேறு வேறு நிறுவனத்தில் எடுப்பது சிறந்ததாக இருக்கலாம். ஏற்கெனவே இருக்கும் நோயை, திடீர் தாக்குதல் என்ற நிபந்தனை இல்லாமல் ஒரு வரம்பு வரை ஏற்கும் திட்டங்களும் ஒருசில உண்டு. பிரீமியம் அதிகம், குறைந்தபட்ச நாள் கணக்கும் வைத்திருப்பார்கள். சிறுநீரகப் பாதிப்போ, ஸ்டென்ட் வைத்த வரலாறோ உள்ளவர்களுக்கு அதுவே பொருத்தம்.

பாலிசியை இந்தியாவில் வாங்குவதா, அங்கே உள்ள நிறுவனத்திடமா? நம் பொதுத்துறை நிறுவனங்கள் 1984-லேயே ஓவர்சீஸ் மெடிகிளெய்ம் பாலிசியைத் தொடங்கின. இன்று தனியார் நிறுவனங்களும் ஏராளமாக விற்கின்றன. பிரீமியம் ரூபாயில். சாமான் தொலைவது, பாஸ்போர்ட் தொலைவது, விமானத் தாமதம் எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் பல அடிப்படைத் திட்டங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு உள்வரம்புகள் இருக்கின்றன: அறை வாடகைக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று. அமெரிக்காவின் அட்டவணைத் திட்டத்தில் பார்த்த அதே குறைதான் இது. வேறு பெயரில் வருகிறது. கூடுதல் பிரீமியத்துக்கு உள்வரம்பு இல்லாத திட்டம் கிடைக்கும். இந்தியாவில் வாங்குவதென்றால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோயைப் பொறுத்தவரை, உயிருக்கு ஆபத்தான நிலையில், நிலைமை சீராகும் வரைக்கும் மட்டும் ஒரு குறைந்த தொகையைத் தருவதே இங்கும் வழக்கம்.

இந்தியப் பாலிசியின் பலம் தகராறு வரும்போது தெரியும். நிறுவனம் கிளெய்மை மறுத்தால் முதலில் அதனிடமே எழுத்தில் முறையிடலாம். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அங்கே விசாரிப்பார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடவும் முடியும். அமெரிக்க நிறுவனத்துடன் மதுரையிலிருந்து கொண்டு சண்டை போடுவது எளிதல்ல. ஆனால் சிகிச்சை நடக்கும் நாளில் நிலைமை வேறு. அமெரிக்க மருத்துவமனையின் சேர்க்கை மேசைக்கு அங்குள்ள வலையமைப்பின் அட்டை பழக்கமானது. இந்திய நிறுவனத்தின் பெயர் புதிது. இடையில் ஓர் உதவி நிறுவனத்தின் தொலைபேசி எண் வழியாகத்தான் எல்லாம் நகரும். இரண்டையும் எடை போட்டால், நாற்பது வயதில் நல்ல உடல்நலத்தோடு பத்து நாள் போய்வருபவருக்கு உள்வரம்பில்லாத இந்தியப் பாலிசி போதும். மாத்திரை டப்பாவோடு ஆறு மாதம் இருக்கப்போகும் அறுபதைக் கடந்தவருக்கு, அங்குள்ள விரிவான திட்டத்தையே நான் சொல்வேன்.

எங்கே வாங்கினாலும் படிவத்தில் என்ன எழுதினோம் என்பது கூடவே வரும். இதில் நம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2009-ல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் தொடர்பான ஒரு வழக்கில், பாலிசி எடுத்தவர் நீரிழிவையும் சிறுநீரக நோயையும் மறைத்து, உடல்நலம் நன்றாக இருப்பதாக எழுதியிருந்தார். கிளெய்மை மறுத்தது சரி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று நம் கதைக்கு மிக நெருக்கமானது. 2009-ல் ஒருவர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனத்திடம் ஓவர்சீஸ் மெடிகிளெய்ம் பாலிசி எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக அமெரிக்கா போனார். தனக்கு நீரிழிவு இருப்பதைப் படிவத்தில் சொல்லியிருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே தளர்ச்சியும் வியர்வையும். மருத்துவமனையில் சேர்த்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தக் கொழுப்பைச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருந்த நோய் இது என்று நிறுவனம் கிளெய்மை மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. 2021 டிசம்பர் 6-ல் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொல்லப்பட்ட உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதே உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பது அதன் சாரம்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பது கசப்பான உண்மை. ஆனாலும் அவரைக் காப்பாற்றியது படிவத்தில் நீரிழிவு என்று எழுதிய அந்த ஒரு பதில். நம் வீடுகளில் படிவத்தை நிரப்புவது யார்? வெளியூரில் இருக்கும் பிள்ளை, அல்லது டிராவல் ஏஜென்ட். ‘நோய் இருக்கிறதா’ என்ற கட்டத்தில் இல்லை என்று தட்டிவிட்டால் பிரீமியம் குறைகிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது. பெற்றோர் அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ‘சுகர் கொஞ்சம்தான் இருக்கு, மாத்திரையில கன்ட்ரோல்ல இருக்கு’ என்பதைப் பலர் நோயாகவே எண்ணுவதில்லை. ஆகவே மாத்திரைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று டாக்டரிடம் கேட்டு, அதன்படி எழுதுங்கள். கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று என்றால் அவையும் படிவத்தில் இருக்க வேண்டும். பிரீமியம் ஏறினால் ஏறட்டும். உண்மையைச் சொல்லாமல் வாங்கிய பாலிசியால் தேவைப்படும் நாளில் பயன் இல்லை.

அங்கே போன பிறகு செலவைக் குறைக்கும் ஒரு பழக்கம்: உயிராபத்து இல்லாத காய்ச்சலுக்கும் சுளுக்குக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடாமல், அர்ஜென்ட் கேர் எனப்படும் சிறு மையங்களுக்குப் போவது. அங்கே பில் பலமடங்கு குறைவு. பல திட்டங்களில் நம் பங்கும் சிறிது. அவசரப் பிரிவுக்குப் போய், உள்நோயாளியாகச் சேராமல் திரும்பினால் கூடுதல் டிடக்டிபிள் போடும் திட்டங்களும் உண்டு. காப்பீடு கைவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வரிவிலக்கைத் தக்கவைத்துக்கொள்ள, வசதியற்றவர்களுக்கான கட்டணச் சலுகைக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில்லையும் கேளுங்கள். கேட்டால் தொகை இறங்குவது அங்கே வழக்கமான நடைமுறை.

கடைசியாக, தேதி. குழந்தை பிறந்த பிறகு இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்று மகள் சொல்வாள், டிக்கெட் மாறும். பாலிசி முடிந்த மறுநாள் புதிதாக ஒன்று எடுத்தால், முதல் பாலிசிக் காலத்தில் வந்த நோய் எல்லாம் புதிய பாலிசிக்கு ஏற்கெனவே இருந்த நோயாகிவிடும். மார்ச்சில் வந்த நெஞ்சுவலி ஏப்ரலில் திரும்பினால் பணம் கிடைக்காது. பழைய பாலிசியையே, அது முடிவதற்கு முன்பு நீட்டித்தால் பெரும்பாலான திட்டங்களில் இந்தச் சிக்கல் இல்லை. எனவே வாங்கும்போதே நீட்டிக்க வசதி உண்டா, எத்தனை மாதம் வரை, எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டு, முடிவுத் தேதியைத் திரும்பும் டிக்கெட்டுக்குச் சில நாள் தள்ளியே வையுங்கள்.